எர்த்

போயா தினம். லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஏழு மாடி இறங்கி வந்தேன்
ஒரு கையில் மல்டிமீட்டர்,
மறு கையில் பஞ்சிகாவத்தையில் வாங்கிய
நீலக் கேபிள்கள் ஐந்து, உறை பிரிக்காமல்.

'இருபத்திரண்டாயிரம், மிஸ், உங்களுக்காகத்தான்'
என்றிருந்தான் ஃபஸ்மில்.
'ஐட்லிங் சீராகும். லைட் கூடும்.
ரேடியோ இரைச்சல் போகும்.
கியர்கூடப் பட்டுப்போல விழும்.'
இப்போது நினைத்தால்
மந்திரித்த நூல் விற்கிறவனின் குரல்.
நானும் கையை நீட்டிக் கட்டிக்கொண்டேன்.

வண்டி சிவப்பு. ரொட்டரி என்ஜின்.
மூன்றாவது உரிமையாளர் நான்.
கணக்காளர் ஒருத்திக்கு இது எதற்கு என்று
அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.
வெள்ளவத்தைச் சந்தியில் சிக்னலுக்கு நின்றால்
வைப்பர் அசைகிற ஒவ்வொரு முறையும்
முன்விளக்கு கண் சிமிட்டும்.
பஸ்காரர் தனக்குத்தான் என்று நினைத்து
திருப்பிச் சிமிட்டுவார்.

முதலில் அளந்தேன். லைட் எல்லாம் போட்டு
என்ஜினுக்கும் பெட்டரி நெகட்டிவுக்கும் நடுவே:
பூச்சியம் தசம் ஆறு இரண்டு.
அவ்வளவு வோல்ட் வழியிலேயே தொலைகிறது.
கணக்கில் இப்படித் தொலைந்தால்
யாரையாவது கூப்பிட்டு விசாரித்திருப்பேன்.

பள்ளியில் இதற்குப் புவித்தொடுப்பு என்று பெயர்.
பௌதிகவியல் மிஸ் மூன்று கோடு கீறினார்,
ஒன்றின் கீழ் ஒன்று, குறுகிக் குறுகி.
'இதுக்குக் கீழ மண், பிள்ளையள்' என்றார்.
இந்த வண்டியின் கீழே மண் கிடையாது.
நான்கு ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது.
தன் தகரத்தையே பூமி என்று வைத்துக்கொண்டு
போன மின்னை எல்லாம்
அதன் வழியாகவே திரும்ப வாங்குகிறது.
படிவங்களில் 'நிரந்தர முகவரி' கட்டத்தை
எப்போதும் கடைசியில் நிரப்புகிறவள் நான்.
இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துவிட்டது.

நெகட்டிவைக் கழற்றினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
முதல் நீலக் கேபிள் போக வேண்டிய இடத்தில்
பழைய கறுப்பு வயர் ஒன்று இருந்தது,
கம்பனி போட்டது.
போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டு
ஒரு கோச்சி போகும்வரை பொறுத்தேன்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்.
கழன்று வந்தபோது அடியில்
வெள்ளையும் பச்சையுமாய் ஒரு பொருக்கு.
நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை.
ஜன்னல் கம்பியில், ஃபிரிட்ஜின் முதுகில்,
என் கைக்கடிகாரத்தின் ஊசியில் இருக்கிற அதே உப்பு.

உப்புத்தாள் என்று சொல்லத்தான் வாய் வந்தது,
மண்தாள். தேய்த்தேன்.
பெயின்ட் போய், துரு போய்,
ஐந்து ரூபாய்க் குற்றியளவு வெள்ளித் தகரம்.
அந்தக் கறுப்பு வயரை மட்டும்
திரும்பப் பூட்டி, ஒரு சந்தேகத்தில் அளந்தேன்.
பூச்சியம் தசம் பூச்சியம் நான்கு.

நீலம் ஒன்றுகூட இன்னும் உறையை விட்டு வரவில்லை.

சோமதிலக்க டோர்ச்சைப் பிடித்தபடி
'ஹரித, மிஸ்?' என்றார்.
ஹரி, என்றேன். உட்கார்ந்துவிட்டேன்,
சீமெந்துத் தரையில், அப்படியே.
இருபத்திரண்டாயிரம்.
மண்தாள் அறுபது ரூபாய்.

பிறகு ஐந்தையும் பூட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள், வாங்கியாயிற்று.
ரேடியேட்டர்ச் சட்டம், ஓல்டர்நேட்டர்,
இரண்டு பக்கத் தூண், என்ஜின் தலை.
பொனெட்டைத் திறந்தால்
மணவறைபோல் இருக்கிறது.
மீட்டர் அதே நான்கில்தான் நின்றது.

கடைசி நட் கை தவறி விழுந்தது.
தரைக்கு வரவில்லை.
சோமதிலக்க குப்புறப் படுத்தே தேடினார்.

இரவு காலி வீதியில் ஓட்டிப் பார்த்தேன்.
வைப்பர் போட்டேன், மழை இல்லாமலே.
விளக்கு அசையவில்லை.
சந்தியில் பஸ்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.
ரேடியோ இரைகிறது, அது ஸ்டேஷனின் குறை.
பம்பலப்பிட்டியில் இடப்பக்கம் திரும்பும்போது
உள்ளே எங்கேயோ அந்த நட்
ஒரு தடவை உருண்டு
மணி அடித்தது.